ஒரு கம்பிக்காக மூன்று நாட்கள்

எங்கள் பட்டறையில் அக்ரிலிக் வெட்டும் லேசர் இயந்திரத்தில், வெட்டும் தலையை இடவலமாக நகர்த்தும் எக்ஸ் அச்சு மோட்டார், சென்ற வாரம் நகராமல், நின்ற இடத்திலேயே நடுங்கி உறுமத் தொடங்கியது. சிறு சிறு படிகளாகச் சுழலும் இந்த ஸ்டெப்பர் மோட்டாரின் 2 சுருள்களுக்குச் செல்லும் 4 கம்பிகளில் ஒன்று அறுந்தாலே இந்த நடுக்கம் வரும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் மல்டிமீட்டரை வைத்தால் இரண்டு சுருள்களும் சில ஓம் மின்தடையைக் காட்டிச் சமர்த்தாக இருந்தன. விற்றவரோ தொலைபேசியிலேயே, "கட்டுப்பாட்டு போர்டை மாற்றிவிடுங்கள்" என்றார், செலவு அவருடையதன்றே!

மின்சாரத்தை அணைத்து (ஓடும்போது பிடுங்கினால், மோட்டாருக்கு மின்சாரம் அனுப்பும் டிரைவர் சுற்றும் சேர்ந்து போய்விடும்) எக்ஸ் மோட்டாரின் கேபிளையும், முன்பின்னாக நகர்த்தும் ஒய் மோட்டாரின் கேபிளையும் டிரைவர் பக்கம் இடம் மாற்றிச் செருகியபோதும் அதே மோட்டார்தான் நடுங்கியது. ஆக, டிரைவர் மீது குற்றமில்லை. மூன்றாம் நாள், மீட்டர் முனைகளைக் கேபிளில் மாட்டியபடியே, மோட்டாரைச் சுமக்கும் குறுக்குச் சட்டத்தைக் கையால் பின்கோடி வரை தள்ளியதும் அளவு மறைந்தது. முன்னே இழுத்தால் திரும்ப வந்தது. நகரும் கேபிள்களைத் தாங்கிச் செல்லும் கேபிள் சங்கிலி வளையும் இடத்தில், மேலுறை பளபளவென்றிருக்க, உள்ளே செம்பு இழைகள் முறிந்து கிடந்தன. ஆயிரக்கணக்கான முறை மடங்கி நிமிரும் இடத்தில், வீட்டுச் சுவருக்குள் அசையாமல் கிடக்க வேண்டிய விறைப்பான கம்பியைப் போட்டவரை என்னவென்று சொல்வது? அதிலும், எது எந்தக் கம்பி என்றே தெரியாதபடி நான்கும் கறுப்பு நிறம்!