பிராம்ஸ் பக்தராக முடித்தாரா?

பைபிள் வசனங்களுக்கு இசையமைத்ததால் ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸ் கடைசியில் பக்தராகிவிட்டார் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1896-இல், அவருடைய நெடுநாள் தோழியான பியானோ கலைஞர் கிளாரா ஷூமன் பக்கவாதத்தில் விழுந்த பிறகு, பிராம்ஸ் எழுதிய ‘நான்கு தீவிரப் பாடல்க’ளில் அவர் எடுத்த வசனங்களைப் பாருங்கள். மனிதனுக்கும் மிருகத்துக்கும் ஒரே சாவு, மனித ஆவி மேலே போகிறது என்று யாருக்குத் தெரியும் எனக் கேட்கிறது பைபிளின் பிரசங்கி நூல். நான்கிலும் கடவுள் என்ற சொல்லே கிடையாது! மூன்றாவது பாடலில், சாவே, நீ எவ்வளவு கசப்பு என்று தொடங்கும் சோகமான மைனர் சுருதி, தளர்ந்த முதியவருக்கு அதே சாவு ஆறுதலாகும் இடத்தில் தெளிந்த மேஜராகிறது. அந்த இடம் என்னை உலுக்கிவிடும். சரி, நான்காவது பாடல், பைபிளில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய கடிதத்தின் அன்பு அதிகாரம்தானே என்பீர்கள். அங்கேயும் அவர் பற்றிக்கொள்வது அன்பை மட்டும்தான். இறந்தோர் நினைவாகப் பைபிள் வசனங்களால் அமைத்த ‘ஜெர்மன் ரெக்வியம்’ என்ற பாடகர் குழுப் படைப்பிலும் கிறிஸ்துவின் பெயரை அவர் சேர்க்கவில்லையே.