ஐரோப்பியக் காரும் காரைக்குடிப் பட்டறையும்

23 நாள் கழித்து நேற்று சாயங்காலம் கார் வீடு வந்து சேர்ந்தது. திருச்சி சர்வீஸ் சென்டரில் பில்லைக் கட்டிவிட்டுச் சாவியை வாங்கும்போது இந்த வண்டியை விற்றுவிடுவது என்று முடிவே செய்திருந்தேன். புதுக்கோட்டை தாண்டி திருமயம் கோட்டை கண்ணில் படும்போது அந்த நினைப்பே இல்லை. சாலையில் இது ஓடுகிற விதம் அப்படி.

ஒன்பது வருடமாக ஒரு ஐரோப்பியக் கம்பெனியின் டீசல் செடான் வைத்திருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கம்பெனி பெயரை எழுதவில்லை. எழுதினால் அந்தக் கம்பெனி நல்லதா கெட்டதா என்று பேச்சு திரும்பிவிடும். நான் சொல்ல வருவது, நம் பக்கத்துச் சின்ன ஊர்களில் இந்த வண்டிகளை வைத்திருக்கும் எல்லோருக்கும் உள்ள பாடு.

முதலில் சந்தோஷம். பள்ளத்தூரில் எங்கள் பழைய வீட்டுத் தேக்குக் கதவைச் சாத்தினால் ஒரு கனத்த சத்தம் வரும். கதவு முழுசாகப் பொருந்திவிட்டது என்று காதுக்கே தெரியும். இந்தக் காரின் கதவுக்கும் அதே சத்தம்தான். வாங்கலாம் என்று முடிவு செய்ததே அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான். ஓட்டிப் பார்த்தது அதற்கு அப்புறம். வேகம் ஏற ஏற ஸ்டியரிங் கனக்கும்; நூறில் போனாலும் வண்டி மிதக்காது. மதுரையிலிருந்து ராத்திரி மழையில் திருப்பத்தூர் வழியாக வரும்போது, வளைவுகளில் தரையைப் பிடித்துக்கொண்டு திரும்பும். நாலாவது கியரிலேயே பஸ்ஸைத் தாண்டிவிடலாம். சென்னைக்கு நானூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கினாலும் இடுப்பு வலித்ததில்லை. ஆத்தாவுக்கு முட்டி வலி. வேறு வண்டியில் கூப்பிட்டால் யோசிப்பார்கள், இதில் என்றால் உடனே கிளம்பிவிடுவார்கள். இண்டிகேட்டர் இடப்பக்கம் இருப்பது பழக ஒரு மாதம் ஆனது. இப்போது மற்ற வண்டிகளில்தான் கை தடுமாறுகிறது.

சரி, 23 நாள் கதைக்கு வருகிறேன். சிங்கப்பூர் போகும் மைத்துனரைத் திருச்சி ஏர்போர்ட்டில் விடக் கிளம்பினோம். நமணசமுத்திரம் அருகே டெம்பரேச்சர் லைட் சிவப்பாகிவிட்டது. புளியமரத்து நிழலில் ஒதுக்கினேன். அடியிலிருந்து கூலன்ட், அதாவது இன்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவம், சொட்டிக்கொண்டிருந்தது. மைத்துனரை ஒரு வாடகைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு, காரைக்குடியில் நான் வழக்கமாகப் போகும் மெக்கானிக் தம்பிக்குப் போன் போட்டேன். பைக்கில் வந்தார். இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். பத்தே நிமிடம். "தெர்மோஸ்டாட் ஹவுசிங்ல விரிசல்ணே. பிளாஸ்டிக்கு, சூட்டுல வெடிச்சிருக்கு. பார்ட் கையில இருந்தா இங்கயே மாத்திக் குடுத்துருவேன்."

கூலன்ட் போகும் வழியில் இருக்கும் அந்தப் பார்ட் காரைக்குடியில் இல்லை. மதுரைக் கடைகளிலும் இல்லை. சர்வீஸ் சென்டரில் கேட்டால் பார்ட்டைத் தனியாக விற்க மாட்டோம், வண்டியைக் கொண்டுவாருங்கள் என்றார்கள். ரெக்கவரி வண்டியில் ஏற்றித் திருச்சிக்கு அனுப்பினேன். பார்ட் வர 19 நாள். கூடவே நன்றாக இருந்த ஹோஸ்களையும் மாற்றினார்கள். மொத்தம் 31,000 ரூபாய். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பிளாஸ்டிக் பாகத்துக்காக இத்தனையும்.

இது முதல் தடவையும் இல்லை. போன வருடம் ஒரு எலக்ட்ரானிக் பாகம் போனது. தம்பியிடம் இருக்கும் சாதாரண ஸ்கேனர் பழுது எங்கே என்று சரியாகக் காட்டியது. ஆனால் புதுப் பாகத்தை மாட்டினால் மட்டும் போதாது, அதை வண்டியின் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்குக் கம்பெனியின் மென்பொருளும் லாகினும் வேண்டும். அவருக்குத் தர மாட்டார்கள். மாட்டிய பாகத்துக்கு உத்தரவு வாங்க நான் திருச்சி போய் வந்தேன்.

இதைச் சொன்னால் எல்லோரும் ஒரே பதில் சொல்கிறார்கள்: ஐரோப்பிய வண்டி நம்ம ஊருக்கு ஆகாது. நான் அதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். நம் ஊர்க் கல்யாணங்களுக்கு வரிசையாக வந்து நின்ற அம்பாசடர் என்ன? இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. பத்மினி கார், இத்தாலியின் ஃபியட் 1100. சமீபத்திய உதாரணம் இன்னும் பலமானது. 2007-இல் வந்த ஸ்விஃப்ட் டீசலில் இருந்தது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் இன்ஜின். டிசையரிலும் அதுவே, டாடாவின் விஸ்டாவிலும் அதுவே. டாக்சிக்காரர்கள் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டினார்கள். எந்த ஊர்ப் பட்டறையிலும் பிரித்துப் பூட்டினார்கள். அதே ஐரோப்பிய இன்ஜின், அதே வெயில், அதே சாலை. பார்ட் கடையில் கிடைத்தது, வேலை தெரிந்த கை பக்கத்தில் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

வேறு எந்த ஊர்க்காரர் சொன்னாலும் செட்டிநாட்டுக்காரர்கள் இதைச் சொல்லக் கூடாது. பெல்ஜியம் கண்ணாடியும் இத்தாலி மார்பிளும் பர்மாத் தேக்கும் கப்பலில் வந்து நம் முகப்பிலும் வளவிலும் உட்கார்ந்திருக்கின்றன. நூறு வருடமாக அவற்றைப் பார்த்துக்கொண்டது ஐரோப்பிய ஆட்களா? நம் கொத்தனாரும் ஆசாரியும்தான். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் ஒன்று விரிந்தால், கண்ணாடி மேல் அச்சு வைத்து, கலர் சிமெண்ட் ஊற்றி, அதே பூவை இன்றும் வார்த்துத் தருகிறார்கள். இப்படிப்பட்ட ஊர்க்காரனின் வண்டி ஒரு பிளாஸ்டிக் ஹவுசிங்குக்காக 23 நாள் நின்றது.

எனக்கு அதிகம் வலிப்பது இதுதான்: இந்தக் கம்பெனிகள் தங்கள் சொந்த ஊரில் இப்படி நடந்துகொள்ள முடியாது. வெளிப் பட்டறைகளுக்கும் பழுதுபார்க்கும் விவரங்களைத் தர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2007-லேயே விதி போட்டுவிட்டது. இங்கேயும் நடவடிக்கை இல்லாமல் இல்லை. உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்கு விடாததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இந்திய, ஜப்பானிய, அமெரிக்க நிறுவனங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. 2022 டிசம்பரில் மத்திய அரசு, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளமே தொடங்கியது. இவ்வளவுக்குப் பிறகும் காரைக்குடித் தம்பி கவுன்டரில் போய் நின்றால் பார்ட் இல்லை.

பயிற்சி இல்லாதவர் கை வைத்தால் ஆபத்து என்று கம்பெனிக்காரர்கள் சொல்கிறார்கள். ஏர்பேக்குக்கு அது நியாயம், நானும் தொட விடமாட்டேன். இந்தத் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் என்ன ஆபத்து? லாகினுக்குக் கட்டணம் வையுங்கள், பயிற்சி கொடுங்கள், தேர்வு வையுங்கள். தம்பி எழுதித் தேறுவார்.

நம் பக்கமும் தவறு உண்டு. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டு, கம்பெனி சொன்ன கிரேடு ஆயிலை ஊற்றாமல் கிடைத்ததை ஊற்றிவிட்டு, வண்டியைத் திட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வாங்கும்போதே வருடத்துக்கு இவ்வளவு என்று பராமரிப்புக்கு ஒதுக்கிவிடுங்கள். முடியாதென்றால் வாங்க வேண்டாம்.

நான் விற்கப் போவதில்லை. தம்பி நல்ல ஸ்கேனர் ஒன்று வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறார். பாதி நான் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். தை பிறந்ததும் டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும். அதை அவர் பட்டறையிலேயே, நான் பக்கத்தில் நின்று மாற்றுவதாக இருக்கிறோம். பெல்ட்டும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் சேர்ந்த செட் கோயம்புத்தூரில் கிடைக்கும் என்று கேள்வி. வாங்கியவர்கள் யாராவது இருந்தால் எந்தக் கடை, என்ன விலை என்று எழுதுங்கள். தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் இதே மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள். நாலைந்து பேர் சேர்ந்தால் அந்த ஹவுசிங்கை முன்கூட்டியே மொத்தமாக வரவழைத்துத் தம்பியிடம் கொடுத்து வைக்கலாம்.