ஜிஎஸ்எம் குறைந்த சூப்பர்மேன்

பொங்கலுக்குத் திருப்பூர் எப்படிக் காலியாகிவிடும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பையன்கள் எல்லாம் ஊருக்கு பஸ் ஏறிவிட்டதால் என் பிரிண்டிங் பட்டறையும் பூட்டிக் கிடந்தது. நான் ஊத்துக்குளிப் பக்கம் அக்காள் வீட்டுக்கு நோம்பிக்குப் போயிருந்தேன். மாட்டுப் பொங்கல் இரவு, பட்டியில் வேலை முடிந்து எல்லோரும் படுத்த பிறகு, அக்காள் மகன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மாமா, உங்கள் ஆள் படம் ஒன்று பாக்கி என்றீர்களே, பார்க்கலாமா?"

என் ஆள் என்று அவன் சொன்னது சூப்பர்மேனை. அந்த 'எஸ்' எழுத்தைக் குழந்தைகள் டி-ஷர்ட்டில் எத்தனை ஆயிரம் அடித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. சிவப்புக்கு ஒரு ஸ்கிரீன் (சாயம் இறங்கும் அச்சுச் சட்டம்), மஞ்சளுக்கு ஒரு ஸ்கிரீன். ஆனால் படங்கள் விஷயத்தில் நான் பாதிக் கிணறுதான் தாண்டியிருந்தேன். முதல் இரண்டும் பள்ளி நாளில் வாடகைக்கு டெக் எடுத்து, தெருவே கூடி உட்கார்ந்து பார்த்தவை. மூன்றாவது ஓடும்போது கரண்ட் போய்விட்டது. 1987-இல் வந்த நான்காவதை, 'சூப்பர்மேன் 4: த குவெஸ்ட் ஃபார் பீஸ்' என்பதை, பார்த்ததே இல்லை. அதைப் பற்றிக் காதில் விழுந்தது எல்லாம் வசவு. அந்த வசவை நம்பியே இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன்.

வசவில் பொய் இல்லை. அருங்காட்சியகத்தில் சூப்பர்மேனின் ஒற்றை முடி ஆயிரம் பவுண்டு எடையைத் தாங்கித் தொங்குகிறது. நம் கணக்கில் 450 கிலோ. வில்லன் லெக்ஸ் லூதர் வருகிறான், கம்பி வெட்டும் கத்தரியை எடுக்கிறான், நறுக்கிக்கொண்டு போகிறான். இரும்புக் கடையில் கிடைக்கும் கத்தரியே போதுமென்றால், இந்த ஆள் முதல் படத்தில் சூப்பர்மேனின் பலத்தைப் பறிக்கும் கிரிப்டனைட் கல்லுக்காக ஏன் அவ்வளவு பாடுபட்டான்? அந்த முடியிலிருந்து நியூக்ளியர் மேன் என்று ஒருவன் பிறக்கிறான். வெயில் பட்டால் பலம், நிழல் பட்டால் அணைந்துபோவான். எங்கள் வீட்டுச் சூரிய விளக்கு இவனைவிட நம்பகமானது, இருட்டியும் நான்கு மணி நேரம் எரிகிறது. அவன் ஒரு பெண்ணை வீட்டில் உடுத்திய உடையோடு விண்வெளிக்குத் தூக்கிப் போகிறான். அவளும் மூச்சு முட்டாமல் போய்த் திரும்புகிறாள். சீனப் பெருஞ்சுவர் இடிந்ததும் சூப்பர்மேன் பார்வையாலேயே கல்லை அடுக்கிவிடுகிறார். மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஆனால் ஒரு காட்சி வந்தது. சூப்பர்மேன் நேராக நம்மைப் பார்த்துப் பறந்து வருகிறார். சற்று நேரம் கழித்து அதே முகம், அதே கை, அதே அசைவு. பின்னணி மட்டும் வேறு. மறுபடியும் அதே. அப்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. தொழிலில் இருப்பவனுக்கு இது தெரியும். ஒரே ஸ்கிரீனை எல்லா சைஸுக்கும் போட்டு அடிப்பது. புது ஸ்கிரீன் போடக் காசில்லாதபோது செய்கிற வேலை அது.

படத்தை நிறுத்திவிட்டுத் தேடிப் படித்தேன். 1978-இல் வந்த முதல் படத்துக்கு ஆன செலவு 5.5 கோடி டாலர். நான்காவதைக் கேனன் பிலிம்ஸ் என்ற நிறுவனம் எடுத்தது. 3.6 கோடி டாலர் என்று பேசித் தொடங்கி, படப்பிடிப்பு நெருங்கும் நேரத்தில் 1.7 கோடிக்கு இறக்கிவிட்டார்கள். பாதிக்கும் கீழே. எடுத்து முடித்த பிறகும் ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தை வெட்டி, 90 நிமிடமாக்கி வெளியிட்டார்கள்.

இதை எங்கள் ஊர்க்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. சாம்பிள் 180 ஜிஎஸ்எம் துணியில் போகும், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை. கலர் நன்றாக இருக்கிறது, கை தடவினால் கனமாக இருக்கிறது என்று ஒப்புதல் வரும். பிறகு ஒரு நாள் போன் வரும்: ரேட்டைக் குறைக்க வேண்டும், தேதி மாறாது. எனக்கே ஒரு ஆர்டரில் அப்படி நடந்தது. துணி 140-க்கு இறங்கியது. லேபிள் அதே லேபிள், பிரிண்ட் அதே பிரிண்ட். இரண்டு முறை துவைத்ததும் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பிவிட்டது. குறை யார் மேல் வந்தது என்று சொல்லவும் வேண்டுமா? தைத்தவன் மேலும் அடித்தவன் மேலும்தான்.

சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் தன் சுயசரிதையில் இந்தப் படத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். சூப்பர்மேன் நியூயார்க் தெருவில் இறங்கி ஐநா சபைக்கு நடந்து போகும் காட்சி. முதல் படத்தின் இயக்குநர் கையில் இருந்திருந்தால் அவர் அதை அந்தத் தெருவிலேயே எடுத்திருப்பார் என்கிறார். இவர்களோ இங்கிலாந்தில், மழையில், நூறு பேர் துணை நடிகர்களை வைத்து எடுத்தார்கள். கண்ணுக்கெட்டிய வரை ஒரு கார் இல்லை. ஊர்க் களை வருவதற்காக ஒரு டஜன் புறாக்களைப் பறக்க விட்டார்களாம். ஐநா சபையாக வந்தது மில்டன் கீன்ஸ் என்ற ஊரின் ரயில் நிலையம். அந்த இடத்தை மட்டும் திரும்பப் போட்டு நானும் மாப்பிள்ளையும் இரண்டாம் முறை பார்த்தோம். தெரிந்து பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. அந்த மனிதர் மட்டும் உண்மையாகவே நியூயார்க்கில் நடப்பதுபோல் நடக்கிறார். தோள் சாயவில்லை, பார்வையில் சலிப்பு இல்லை. துணிதான் மெலிந்தது.

கதை எழுதியதிலும் ரீவுக்குப் பங்கு உண்டு. இதில் நடித்துக் கொடுத்தால் அவர் விரும்பிய இன்னொரு சிறிய படத்தையும் தயாரித்துத் தருவதாக நிறுவனம் ஒத்துக்கொண்டிருந்தது. (அந்த 'ஸ்ட்ரீட் ஸ்மார்ட்' படம்தான் மார்கன் ஃப்ரீமேனுக்கு முதல் ஆஸ்கர் பரிந்துரையை வாங்கித் தந்தது. பண்டமாற்றில் லாபம் வேறொருவருக்கு.)

'பிரச்சாரம் செய்தார்கள், அதனால் படம் படுத்தது' என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அணு ஆயுதங்களை ஒழித்துவிடுங்கள் என்று ஒரு பள்ளிப் பையன் சூப்பர்மேனுக்குக் கடிதம் எழுதுவதுதான் படத்திலேயே உயிருள்ள இடம். செர்னோபில் வெடித்த மறு வருடம் அது. எந்தப் பையனும் எழுதியிருப்பான். கோளாறு அதற்குப் பிறகு. எல்லா ஏவுகணையையும் பிடுங்கப் போகிறேன் என்று ஐநாவில் ஒருவர் அறிவித்தால் எல்லா நாடுகளும் எழுந்து கைதட்டுகின்றன. வரப்புத் தகராறில் இரண்டு பங்காளி வீட்டு அரிவாளையும் ஒருவர் தூக்கிப் போனால் எந்த ஊராவது கைதட்டுமா? மறுநாளே கொல்லன் பட்டறையில் கூட்டம் கூடும். இது புரிந்தவன் லூதர் ஒருவன்தான். ஆயுத வியாபாரிகளோடு கூட்டுச் சேர்ந்து கல்லா கட்டப் பார்க்கிறான். அந்த நூலைப் பிடித்துப் போயிருந்தால் நல்ல படம் கிடைத்திருக்கும். ஏவுகணைகளைப் பெரிய வலையில் கட்டிச் சூரியனுக்குள் எறிந்ததும் அந்தப் பேச்சையே விட்டுவிடுகிறார்கள். பிறகு இரண்டு பேர் நிலாவில் மல்லுக்கட்டுகிறார்கள். படம் ஜூலையில் வந்தது. அதே வருடம் டிசம்பரில் ரீகனும் கோர்பச்சேவும் நடுத்தூர ஏவுகணைகளை ஒழிக்கக் கையெழுத்திட்டார்கள். வலை தேவைப்படவில்லை, பேனா போதுமாயிருந்தது.

அதன் பிறகு ரீவ் அந்த உடையைப் போடவே இல்லை. 1995-இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார், 2004-இல் காலமானார். அடுத்த சூப்பர்மேன் படம் 2006-இல்தான் வந்தது, வேறொருவர் நடித்து. இதைச் சொன்னபோது மாப்பிள்ளை சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது. பட்டியில் கன்று ஒன்று கத்தி அடங்கியது.

"கரண்ட் போய் நின்ற மூன்றாவதையும் நாளைக்குப் பார்த்துவிடலாமா மாமா?"

"அதற்கு எவ்வளவு செலவு செய்தார்கள் என்று முதலில் பார்."

போனில் தேடினான். "இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல்."

"அப்படியென்றால் துணி நன்றாக இருக்கும். வெட்டு எப்படி என்று நாளைக்குப் பார்க்கலாம். போய்ப் படு."