வெறும் கட்டம் என்றால் வாய்தா இல்லை என்று அர்த்தமா?

திங்கட்கிழமை காலை 10:20. புதுச்சேரி நேரு வீதியில் ஒரு கட்சிக்காரர் கடையில் உட்கார்ந்து பத்திரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன் அடிக்கிறது. "சார், கடலூர் கோர்ட்டுலதான் நிக்கிறேன். நீங்க எங்க இருக்கீங்க? நம்ம கேஸ கூப்பிட்டுருவாங்க போல." பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கும் பெரியவர். "ஐயா, இன்னைக்கு நமக்கு வாய்தா இல்லையே" என்று சொல்லியே விட்டேன். "நீங்கதான் சார் தேதி சொன்னீங்க, அட்டையில எழுதி வச்சிருக்கேன்" என்றார். அவர் அட்டை சரி. என் லேப்டாப் தப்பு.

காலையில் கிளம்பும்போது காலண்டரைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். திங்கட்கிழமைக் கட்டம் வெறுமையாக இருந்தது. வேலை இல்லாத நாள் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். காகித டைரியில் பக்கம் கிழிந்தால் கிழிசல் தெரியும், தண்ணீர் பட்டால் மை கலைந்தது தெரியும். இங்கே எட்டு வழக்குகள் காணாமல் போயிருக்கின்றன, திரையோ சுத்தமாகப் பளிச்சென்று இருக்கிறது!

முதல் நாள் ராத்திரி ஒரு அப்டேட் போட்டேன். தப்பு என்றால் அது ஒன்றுதான். "பாதுகாப்பு அப்டேட்டுகள் உள்ளன" என்று என் லேப்டாப்பை இயக்கும் லினக்ஸ் கேட்டது, சரி என்றேன். ஒழுங்காக அப்டேட் போடு, ஒத்திப் போடாதே என்று எல்லோரும் சொல்வதைத்தானே செய்தேன்? கட்டளைத் திரையான டெர்மினலில் வரிசையாக ஓடி முடிந்தது, ஒரு பிழைச் செய்தி இல்லை. அந்தக் கூட்டத்தோடு, நான் மெயிலும் காலண்டரும் பார்க்கும் தண்டர்பேர்டு நிரலும் 115ஆம் பதிப்பிலிருந்து 128க்குப் போயிருக்கிறது. ஆபீஸ் மெயில் சர்வரில் இருக்கும் காலண்டரை அதற்குள் கொண்டுவந்து காட்டும் நீட்சி (ஆட்-ஆன் என்கிற ஒட்டுநிரல்) 115க்கு மேல் வேலை செய்யாதாம். அதனால் அது அணைந்துவிட்டது. சத்தமே இல்லாமல்.

தண்டர்பேர்டில் ஆண்டுக்கு ஒரு நீண்டகால ஆதரவுப் பதிப்பு வரும். 2022ல் 102, 2023ல் 115, 2024ல் 128. புதியது வந்த சில மாதங்களில் பழையதற்குப் பாதுகாப்புத் திருத்தம் நின்றுவிடும் என்பதால், லினக்ஸைத் தொகுத்துத் தரும் வழங்கல்கள் (உபுண்டு, டெபியன் மாதிரி) புதிய பதிப்பையே பாதுகாப்பு அப்டேட் வரிசையில் அனுப்பிவிடுகின்றன. காரணம் புரிகிறது. ஆனால் ஓட்டையை அடைக்கிறேன் என்று வருகிறவர் வீட்டுக் கதவையே மாற்றிவிட்டுப் போனால், சாவி மாறிவிட்டது என்றாவது சொல்லிவிட்டுப் போக வேண்டாமா?

அன்றைக்குக் காப்பாற்றியவர் சக வக்கீல் ஒருவர். போனில் கெஞ்சினேன், பாஸ் ஓவர் கேட்டு, அதாவது வழக்கைக் கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிடச் சொல்லி, வாங்கிக் கொடுத்தார். அரியாங்குப்பம் நெரிசலில் பைக்கை நெட்டி, கடலூர் போய்ச் சேரும்போது பன்னிரண்டு. பெரியவர் வராந்தாவில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "வந்துட்டீங்களா சார்" என்றார். அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அவர் வாதி. பெயர் கூப்பிடும்போது எங்கள் தரப்பில் யாரும் இல்லாமல் எதிர்த்தரப்பு மட்டும் நின்றிருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 9 விதி 8ன்படி வழக்கு தள்ளுபடி. திரும்ப எடுக்க விதி 9ல் மனுப் போட வேண்டும், அதற்குக் கெடு 30 நாள். வரப்புத் தகராறுக்காக வருடக்கணக்கில் அலையும் மனிதரை, ஒரு நீட்சி அணைந்ததற்காக மறுபடி முதலிலிருந்து அலைய வைப்பதா? கணினி மொழியில் இதற்குப் பெயர் "இணக்கமின்மை". எங்கள் ஊரில் இதற்குப் பெயர் வேறு.

போனில் காலண்டர் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பார்கள். கட்சிக்காரர் பெயர், வழக்கு விவரம் எல்லாம் கண்ட செயலிக்குள் போகக் கூடாது என்பதற்காகத்தான் தனி சர்வர், லினக்ஸ் என்று வந்தேன். குமாஸ்தா அண்ணன் சர்வரில் தேதி ஏற்றுவார், என் திரையில் தெரியும். அந்த வசதியை நம்பி அவர் காகித டைரியையும் நான்தான் நிறுத்த வைத்தேன். அவர் அன்று சிதம்பரத்தில் கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

அன்று ராத்திரி மஞ்சக்குப்பம் ஆபீஸிலேயே உட்கார்ந்தேன். முதலில் அந்த வாரத்து வழக்குகளை நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில், ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். அப்புறம்தான் ரிப்பேர். பழைய பதிப்பைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இந்த ப்ரொஃபைலை (என் மெயில், அமைப்புகள் எல்லாம் இருக்கும் கோப்புறை) புதிய பதிப்பு தொட்டுவிட்டது, புதிதாக ஒன்று உருவாக்கு, இல்லையென்றால் வெளியேறு என்றது. நீட்சி வரும் எக்ஸ்பிஐ கோப்பு வெறும் ஜிப் தான். அதைப் பிரித்து, மேனிஃபெஸ்ட் என்கிற விவரக் கோப்பில் அதிகபட்சப் பதிப்பு என்று இருந்த 115ஐ 128 ஆக்கித் திரும்பக் கட்டினேன். ஏற்றுக்கொண்டது. ஐந்து நொடி சந்தோஷம். காலண்டர் வரவில்லை. காலண்டருக்கென்று நிலையான வாசல் எதுவும் நீட்சிகளுக்குத் திறந்துவிடப்படவில்லை. அதனால் இந்த நீட்சி உள்ளே கைவிட்டு நிரலின் குடலையே பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆண்டுதோறும் குடல் இடம் மாறும்போது கை அறுந்துவிடுகிறது. எழுதியவர் கடைசியாக எட்டிப் பார்த்து எத்தனை நாளோ.

விடிகாலை இரண்டு மணிக்குத்தான் உறைத்தது. காலண்டரே ஒரு காலத்தில் லைட்னிங் என்ற பெயரில் வெளியே தொங்கிய நீட்சிதான். 2015ல் 38ஆம் பதிப்போடு சேர்த்தே தந்தார்கள், 2020ல் 78ல் உள்ளுறுப்பாகவே ஆக்கிவிட்டார்கள். சர்வரில் உள்ள காலண்டரை எந்த நிரலும் படிக்க உதவும் கேல்டேவ் என்ற பொது நெறிமுறை 2007லேயே வந்தது, தண்டர்பேர்டுக்கு அது நேரடியாகவே தெரியும். என் சர்வருக்கும் தெரியும்! புதிய காலண்டர், வலையமைப்பில் உள்ளது, பயனர் பெயர், சர்வர் முகவரி, கடவுச்சொல். ஐந்து நிமிடம். எட்டு வழக்குகளும் வந்து அந்தந்தக் கட்டத்தில் உட்கார்ந்தன. நினைவூட்டல் பெட்டி டிக் ஆகியிருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். உங்கள் சர்வரில் கேல்டேவ் இருந்தால் நீட்சியை நம்பாதீர்கள், இன்றே நேரடியாக இணைத்துவிடுங்கள். அப்டேட்டுக்கு முன் தண்டர்பேர்டு கோப்புறையை அப்படியே ஒரு பென் டிரைவில் போட்டு வையுங்கள், காலண்டரை ஐசிஎஸ் கோப்பாகவும் ஒரு பிரதி எடுங்கள்.

காலண்டர் சரியாகிவிட்டது, கோபம் ஆறவில்லை. இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளில் குறை சொல்லாதே என்று வாயை அடைக்க வராதீர்கள். வேலை செய்யாமல் போவது எனக்குப் புரியும். நின்றுவிட்டது என்று சொல்லாமல் நிற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அப்டேட் முடிந்ததும் நிரல் திறக்கும்போது, "இந்த நீட்சி அணைக்கப்பட்டது, இந்தக் காலண்டர் இனி தெரியாது" என்று நடுத்திரையில் ஒரு பெட்டி. சரி என்று அழுத்தினால்தான் மூட வேண்டும். என் லினக்ஸ் வழங்கலின் பிழைப் பட்டியலில் இதையே எழுதிப் போட்டிருக்கிறேன், வெறும் கட்டத்தின் ஸ்கிரீன்ஷாட்டோடு. நேற்று ராத்திரி வரை பதில் இல்லை.

குமாஸ்தா அண்ணன் மறுபடியும் சிவப்பு அட்டை டைரி வாங்கி வந்துவிட்டார். பெரியவரின் அடுத்த வாய்தாவை முதல் வரியாக எழுதச் சொன்னேன்.