பழைய பேஸ் கிதாருக்கு ஏன் இந்த மவுசு

1965-க்கு முன்னால் ஃபெண்டர் கம்பெனி செய்த ஒரு பிரிசிஷன் பேஸ் இன்று அமெரிக்கச் சந்தையில் பல ஆயிரம் டாலருக்குப் போகிறது. பெயின்ட் உரிந்திருக்கும். வாசித்தவரின் முழங்கை பட்டுப் பட்டு மரம் வெளியே தெரியும். ஸ்க்ரூக்களில் துரு ஏறியிருக்கும். அத்தனையும் சேர்த்துத்தான் விலை. ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: அந்தக் காலத்து மரம், அறுபது வருஷம் காய்ந்த மரம், அந்தச் சத்தம் இனிமேல் வராது.

எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. சத்தம் அருமை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் காரணத்தை மரத்தின் வயசில் தேடுவதை நான் ஏற்கமாட்டேன். பழைய பேஸும், அதன் சத்தத்தைப் பெருக்கும் பெட்டியான பழைய வால்வு ஆம்பும் இவ்வளவு நன்றாக இருப்பதற்கு அவற்றின் போதாமைதான் காரணம் என்பது என் கட்சி. ரொம்ப மேலே ஏறாத ட்ரெபிள் (கூர்மையான மேல் சத்தம்), ரொம்ப நேரம் நிற்காத சுரம், கொஞ்சம் அழுத்தினாலே திணறும் ஆம்ப். இந்தக் குறைகள் சேர்ந்துதான் பாட்டுக்குள் பேஸ் எங்கே உட்கார வேண்டுமோ அங்கே அதை உட்கார வைக்கின்றன.

இந்த வாத்தியம் பிறந்த கதையிலேயே இது இருக்கிறது. 1951-க்கு முன்னால் பேஸ் என்றால் ஆள் உயர டபுள் பேஸ். தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது பெரும்பாடு. டிரம்ஸும் டிரம்பெட்டும் சேர்ந்து முழங்கும் மேடையில் அது யார் காதிலும் விழாது. சியாட்டிலில் பால் டுட்மார்க் என்பவர் 1930-களிலேயே ஆடியோவாக்ஸ் என்ற பெயரில் ஒரு எலெக்ட்ரிக் பேஸ் செய்து விற்றுப் பார்த்தார், எடுபடவில்லை. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர்தான் இதைச் சாதித்தார். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. 1951-ல் வந்த அவருடைய பிரிசிஷன் பேஸில் 34 அங்குல ஸ்ட்ரிங் நீளம், விரல் பலகையின் குறுக்கே ஃபிரெட் என்ற உலோகக் கம்பி 20, ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் ஒன்று, இரண்டு குமிழ், நாலு ஸ்க்ரூவில் கழற்றி மாட்டக்கூடிய கழுத்து. இதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. கெட்டுப்போனால் யார் வேண்டுமானாலும் பிரித்துச் சரிசெய்ய முடிய வேண்டும் என்று நினைக்கும் ரிப்பேர்க்காரரின் புத்தி அதில் அப்படியே தெரியும். லயனல் ஹாம்ப்டனின் ஜாஸ் குழுவில் மாங்க் மாண்ட்கோமரி அதை வாசித்துக்கொண்டு ஊர் சுற்றியபோதுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது.

1957-ல் பிக்கப்பை மாற்றினார்கள். அந்த பிக்கப்பைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் இரண்டு சின்னக் கறுப்புப் பெட்டிகள். ஒன்று கீழ் இரண்டு ஸ்ட்ரிங்குக்கு, மற்றது மேல் இரண்டுக்கு. ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் இரண்டு காந்தம், ஸ்ட்ரிங் அவற்றின் நேர் மேலே போகாமல் நடுவில் போகும். இரண்டு பெட்டியிலும் கம்பிச் சுருளின் சுற்றும் காந்தமும் எதிரெதிர்த் திசையில் இருப்பதால் கரன்டில் இருந்து வரும் உறுமல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும். ஸ்ட்ரிங்கைத் தட்டியதும் வரும் முதல் அடி மழுங்கி, உடனே வயிறு நிறைந்த சத்தமாக வருவதற்கு அந்த இரட்டைக் காந்தமும் ஒரு காரணம். ஏறக்குறைய எழுபது வருஷமாக இந்த வடிவத்தில் யாரும் கை வைக்கவில்லை. 1960-ல் வந்த ஜாஸ் பேஸ் இதன் தங்கை. கழுத்து மெலிசு, பிக்கப் இரண்டு, குரலும் கூர்மை. ஜாக்கோ பாஸ்டோரியஸ் என்ற பேஸ் கலைஞர் ஒரு 1962 ஜாஸ் பேஸில் ஃபிரெட்டையெல்லாம் பிடுங்கிவிட்டு, பலகைக்கு எப்பாக்ஸி பூசி வாசித்தது தனிக் காவியம். அது இந்தப் பதிவுக்குள் அடங்காது.

நான் சொல்ல வருவது டெட்ராய்ட்டின் ஜேம்ஸ் ஜேமர்சன் பற்றி. மோட்டவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் ஸ்டுடியோவில் 1960-கள் முழுக்க பேஸ் வாசித்தவர். நம்மில் நிறையப் பேர் பேஸைத் தனியாகக் காது கொடுத்துக் கேட்கப் பழகியது இளையராஜா பாட்டுகளில்தான். பாடகரின் மெட்டுக்குக் கீழே இன்னொரு மெட்டு தன் பாட்டுக்கு நடந்து போவதை அங்கே கேட்டிருக்கிறோம். அப்படி நடக்கும் பேஸை பாப் பாட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தியவர்களில் முதல் வரிசையில் இருப்பவர் ஜேமர்சன். டபுள் பேஸ் வாசித்து வளர்ந்தவர். எலெக்ட்ரிக் பேஸையும் வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தார். அந்த ஒரு விரலுக்கு 'கொக்கி' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். இத்தனை வாசித்தும் மோட்டவுன் ஆல்பத்தின் உறையில் அவருக்கும் சக கலைஞர்களுக்கும் பெயர் அச்சானது 1971-ல்தான். இதை எப்போது நினைத்தாலும் எனக்கு ஆறாது.

அவருடையது 1962 பிரிசிஷன். அதில் லா பெல்லா கம்பெனியின் தடித்த ஃப்ளாட்வூண்ட் ஸ்ட்ரிங். மேலே வழுவழுப்பான பட்டைக் கம்பி சுற்றிய வகை. அறுந்தாலொழிய அவர் ஸ்ட்ரிங் மாற்றியதில்லை. வருஷக்கணக்கில் கை அழுக்கும் வியர்வையும் ஏறி, ட்ரெபிள் என்பதே இல்லாமல் போன ஸ்ட்ரிங். ஸ்ட்ரிங்கின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜுக்கு மேலே ஒரு குரோம் மூடி இருக்கும். அதற்கு உள்ளே ஒரு துண்டு ஸ்பாஞ்ச், கம்பெனியே வைத்து அனுப்பியது. அது ஸ்ட்ரிங்கை லேசாகத் தொட்டுக்கொண்டே இருக்கும். அதனால் சுரம் 'தும்' என்று பிறந்து உடனே அடங்கிவிடும்.

மிருதங்கக்காரர் கச்சேரிக்கு முன்னால் இடது பக்கத் தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டுவாரே, அந்த வேலைதான் இந்த ஸ்பாஞ்சுக்கும். தோல் தன்னிஷ்டத்துக்கு அதிராமல் கனத்துத் தணிந்தால்தான் கீழ்ச் சத்தத்துக்கு உருவம் வரும். சுரம் சீக்கிரம் அடங்கினால்தான் அடுத்த சுரத்துக்கு இடம் கிடைக்கும். ஜேமர்சன் அவ்வளவு சுரங்களை அள்ளி இறைத்தும் ஒரு பாட்டுகூட நெரிசலாகத் தோன்றாததன் சூட்சுமம் இதில் இருக்கிறது. அதே வரிகளைப் பளபளக்கும் புது ஸ்ட்ரிங்கில் வாசித்துப் பாருங்கள். ஒவ்வொரு சுரமும் முந்தியதன் வாலை மிதிக்கும்.

இன்னொரு விஷயம். பேஸின் கீழ் ஈ ஸ்ட்ரிங் நொடிக்கு 41 முறை அதிர்கிறது. அன்றைய கார் ரேடியோவும் சின்ன டிரான்சிஸ்டரும் அந்த 41-ஐ வெளியே விடவே முடியாது. ஆனாலும் நமக்குக் கேட்டது. 82, 123 என்று அதன் மடங்குகள் காதில் விழுந்தால் போதும், அடியில் இருக்க வேண்டிய சுரத்தை மூளையே நிரப்பிக்கொள்ளும். பழைய பேஸின் பலம் முழுக்க அந்த மடங்குகள் குவியும் நடுக்கீழ்ப் பகுதியில்தான். இன்றைக்கு போன் ஸ்பீக்கரில் கேட்டாலும் அந்தப் பாட்டுகளில் பேஸ் காணாமல் போகாததற்கு இதுதான் காரணம்.

இனி ஆம்ப். கிதாரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் ஆம்பை மறந்துவிடுகிறார்கள், அது நியாயமே இல்லை. ஆம்பெக் கம்பெனியை நடத்திய எவரெட் ஹல் பேஸ் வாசிப்பவர். டபுள் பேஸைத் தாங்கும் அடிக்கம்பிக்குள் மைக் வைக்கும் யோசனையில் தொடங்கிய கம்பெனி அது. ராக் அண்ட் ரோல் அவருக்குப் பிடிக்காது. தன் ஆம்ப் பிசிறடிப்பதை அவர் விரும்பவே மாட்டார். ஜெஸ் ஆலிவர் என்ற எஞ்சினியர் அங்கே வடிவமைத்து 1960-ல் வெளிவந்ததுதான் பி-15 போர்ட்டாஃப்ளெக்ஸ்.

அதன் அமைப்பு எனக்கு அலுக்கவே அலுக்காது. பார்த்தால் சக்கரம் வைத்த ஒரு பெட்டி. பக்கத்துக் கொக்கிகளை விடுவித்து மேல்பலகையைத் தூக்கித் திருப்பினால், உள்ளே தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த ஆம்ப் வெளியே வந்து நிமிர்ந்து நிற்கும். வால்வுகள் காற்றோட்டமாக மேலே எரியும், கீழே 15 அங்குல ஸ்பீக்கர். வாசித்து முடித்ததும் திரும்ப உள்ளே கவிழ்த்துப் பூட்டி உருட்டிக்கொண்டு போகலாம். வாங்கியவர் வாரன்டி அட்டையை அனுப்பினால் அவர் பெயரைப் பொறித்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பலகை ஒன்றைக் கம்பெனி அனுப்பும். ஆம்பின் மேல் செருகினால் கீழிருந்து வரும் விளக்கொளியில் பெயர் மின்னும். வாசிப்பவனை அவ்வளவு மதித்திருக்கிறார்கள்.

பவர் என்னவோ 25-லிருந்து 30 வாட்தான். இன்று கையில் தூக்கும் டிஜிட்டல் ஆம்ப் 500 வாட் கொடுக்கிறது. ஆனால் அந்த 30 வாட்டில் நடப்பதைக் கவனியுங்கள். மெதுவாக வாசித்தால் சுத்தமாக இருக்கும். அழுத்தி வாசித்தால் சத்தம் சட்டென்று உடைந்துபோகாது. வால்வு அதன் மேல் விளிம்பை மெல்ல அமுக்கிக்கொண்டே போகும். சத்தம் பெரிதாகாமல் தடிப்பாகும், நான் மேலே சொன்ன மடங்குகள் கூடும். விரலின் அழுத்தத்துக்கு ஆம்ப் பதில் சொல்கிறது. மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ் இசைத்தட்டுக் கம்பெனிக்கு வாசித்த டொனால்ட் 'டக்' டன்னின் பிரிசிஷனும் பி-15-மாகச் சேர்ந்த சத்தம் எனக்கு உலகத்திலேயே பிடித்த சத்தங்களில் ஒன்று. அவர் ஜேமர்சன் மாதிரி ஓடமாட்டார். நாலே சுரம், ஆனால் அந்த நாலும் டிரம்ஸோடு ஆணி அடித்தது போல நிற்கும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். டெட்ராய்ட் ஸ்டுடியோவில் ஜேமர்சனின் பேஸ் ஆம்ப் வழியாகப் போகவில்லை. நேராக மிக்ஸிங் பலகைக்குத்தான் போனது. ஆகவே "ஜேமர்சன் சத்தம் வேண்டும், பி-15 வாங்குகிறேன்" என்று கிளம்பினால் கதை முழுதாகாது. விரலும் ஸ்ட்ரிங்கும் ஸ்பாஞ்சும்தான் அங்கே முதல்.

பெரிய மைதானங்களுக்கு 1969-ல் ஆம்பெக்கின் எஸ்விடி ஆம்ப் வந்தது. 300 வாட், வால்வு மட்டும் 14, பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு வைத்த அலமாரி. ரோலிங் ஸ்டோன்ஸ் அந்த வருஷத்து அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் அதன் முதல் பிரதிகளைத்தான் பயன்படுத்தினார்கள். கம்பீரம்தான், ஆனால் என் மனசு பி-15 பக்கம்தான். ஃபெண்டரின் பாஸ்மேன் ஆம்ப் பேஸுக்கென்று வந்தது, கிதார்காரர்கள் தூக்கிக்கொண்டார்கள். லண்டனில் ஜிம் மார்ஷல் தன் முதல் ஆம்பைச் செய்தது அதைப் பார்த்துத்தான்.

பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹோஃப்னர் பேஸ், வயலின் வடிவம், உள்ளே வெறும் கூடு, ஸ்ட்ரிங் நீளமும் குறைவு. கனமே இல்லாத, விலை குறைந்த வாத்தியம். இடது கைக்காரருக்குத் திருப்பிப் பிடித்தாலும் அசிங்கமாகத் தெரியாத சமச்சீர் வடிவம் என்பதும் அவர் அதை வாங்கியதற்கு ஒரு காரணம். 1972-ல் திருடுபோய், அரை நூற்றாண்டுக்குப் பிறகு கிடைத்து, 2024-ல் செய்தி வெளியானபோது எனக்கு என் வீட்டுப் பொருள் திரும்பி வந்ததுபோல் இருந்தது. ஜேமர்சனின் பிரிசிஷனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1983-ல் அவர் இறப்பதற்குச் சற்று முன்பு களவு போனது, இன்றுவரை கிடைக்கவில்லை.

மரத்துக்கு வருகிறேன். பழைய ஃபெண்டர்கள் பலவற்றின் விரல் பலகையில் இருந்தது பிரேசில் ரோஸ்வுட். அது அரிதாகிப் போக, 1960-களின் பிற்பாதியில் கிதார் செய்பவர்கள் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறினார்கள். நம் மேற்கு மலைத் தொடரில் வளரும் ஈட்டி மரம் அது, தோதகத்தி என்றும் சொல்வோம். 1992-ல் பிரேசில் மரத்தின் சர்வதேச வணிகத்துக்கே தடை வந்துவிட்டது. ஆக, பழைய பலகை அரிய பொருள் என்பது உண்மை. அதனால்தான் சத்தம் வேறு என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

1965 ஜனவரியில் லியோ தன் கம்பெனியை சிபிஎஸ் என்ற ஒளிபரப்பு நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். சந்தை அந்தத் தேதியில் கோடு போட்டு, அதற்கு முன் என்றால் தங்கம், பின் என்றால் பித்தளை என்கிறது. இதனால் வாங்குபவர்கள் கழுத்தைக் கழற்றி அடியில் பென்சிலில் எழுதிய அல்லது முத்திரையிட்ட தேதியைத் தேடுகிறார்கள். குமிழைத் திருப்பும்போது அடியில் சுழலும் பொட்டென்ஷியோமீட்டரின் மேல் பொறித்த எண்ணைப் படிக்கிறார்கள். 304 என்றால் ஸ்டாக்போல் கம்பெனி, 137 என்றால் சிடிஎஸ். அடுத்து வருஷம், அடுத்து வாரம். எனக்கும் அந்த எண்களைப் படிப்பதில் ஆசை உண்டு. ஒரு பொருள் எந்த வாரத்தில் உருவானது என்று தெரிந்துகொள்வது சந்தோஷம்தான். ஆனால் அத்தனையும் சரிபார்த்து வாங்கி கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டுகிறார்களே, அதுதான் மனசைப் பிசைகிறது. புது பெயின்ட் அடித்திருந்தால் விலை பாதிக்குப் பாதி விழும் என்கிறார்கள். வாசிக்கிறவனுக்கு அதைவிட நல்ல செய்தி உண்டா? பழைய ஃபெண்டரை உண்மையில் வாசிக்க நினைப்பவர் பெயின்ட் மாறியதைத்தான் தேட வேண்டும்.

இங்கே பேஸ் வாசிக்கும் இளைஞர்கள் விலையைக் கேட்டுச் சோர்ந்துபோக வேண்டியதில்லை. கையில் இருக்கும் பிரிசிஷன் வகை பேஸ் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி. ஃப்ளாட்வூண்ட் மாட்டுங்கள், பிரிட்ஜ் ஓரம் ஸ்ட்ரிங்குக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் செருகுங்கள், டோன் குமிழைப் பாதிக்கு இறக்குங்கள். ஸ்ட்ரிங் பழசாகட்டும், மாற்றாதீர்கள். பழைய பேஸின் பெரும் பகுதி அங்கேயே வந்துவிடும்.

பழைய வால்வு ஆம்ப் யாருக்காவது கைக்குக் கிடைத்தால் ஒரு வேண்டுகோள். அமெரிக்க ஆம்ப் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230-ல் நேராகச் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும், ஸ்டெப்-டவுன் கட்டாயம். பழைய ஆம்பில் இரண்டு முள் பிளக்தான் இருக்கும், எர்த் இருக்காது, அதை மாற்றாமல் ஸ்ட்ரிங்கில் கை வைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நானூறு வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கக்கூடும். பழைய வால்வு ரேடியோ பார்த்துப் பழகிய மெக்கானிக் உங்கள் ஊரில் யாராவது இன்னும் இருந்தால் அவரிடம் கொடுங்கள். கெபாசிட்டர்களை முதலில் மாற்றச் சொல்லுங்கள், டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கரும் நன்றாக இருந்தால் அவற்றைத் தொட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.