ஜேசன் வாசித்தார், குறைத்துவிட்டார்கள்

சனிக்கிழமை நாம் கூடிப் பேசியபோது நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். முடியவில்லை. அமெரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழு மெட்டாலிகாவின் 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தில், அடிநாதம் தரும் பேஸ் கிதார் கேட்காததுதான் அதன் அழகு என்று ஒருவர் சொல்ல, அத்தனை பேரும் தலையாட்டினீர்களே.

அழகெல்லாம் இல்லை. ஒரு மனிதன் வாசித்ததைக் குறைத்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

1986 செப்டம்பரில் ஸ்வீடனில் பஸ் கவிழ்ந்து அவர்களுடைய பேஸ் கிதாரிஸ்ட் கிளிஃப் பர்ட்டன் இறந்தார். அவர் இடத்துக்கு வந்த ஜேசன் நியூஸ்டெடுக்கு அப்போது 23 வயது. 1988-இல் அவர்களோடு வாசித்த முதல் முழு ஆல்பம் இது. பேஸைக் குறைக்கச் சொன்னவர் டிரம்மர் லார்ஸ் உல்ரிக் என்று ஆல்பத்தை மிக்ஸ் செய்த, அதாவது ஒவ்வொரு வாத்தியத்தின் ஒலியளவையும் கூட்டிக் குறைத்துச் சேர்த்த ஸ்டீவ் தாம்ப்சனே பிற்பாடு பேட்டியில் சொன்னார். காதில் விழுந்தும் விழாத அளவுக்குக் குறைத்த பிறகும், இன்னும் குறை என்றாராம். ஜேசன் வாசித்தது டேப்பில் இருந்தது. நமக்குத்தான் வரவில்லை.

"கிதார் போன வழியிலேயே பேஸும் போனால் இரண்டும் கலந்துதானே போகும்?" என்பீர்கள். சரி, அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் முந்தின வருடம், 1987-இல் வந்த அவர்களுடைய 'கராஜ் டேஸ்' இபியை (சில பாட்டுகள் மட்டும் கொண்ட சின்ன ரெக்கார்டை)ப் போட்டுக் கேளுங்கள். அதே ஆள், அதே கை. பேஸ் நெஞ்சில் வந்து இடிக்கும். அங்கே மட்டும் எப்படிக் கேட்கிறது?

"அவர்கள் துக்கத்தில் இருந்தார்கள்." இதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. கிளிஃப் விட்டுப்போன ரிஃப்களை, அதாவது திரும்பத் திரும்ப வரும் சின்னச் சின்ன இசைத் துணுக்குகளை வைத்துக் கட்டிய 'டு லிவ் இஸ் டு டை' பாட்டை இன்றைக்கும் என்னால் கலங்காமல் கேட்க முடியாது. ஆனால் அந்தத் துக்கம் புதிதாக வந்தவன் தலையில்தான் இறங்க வேண்டுமா?

கல்லூரி முடித்த புதிதில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தேன். ஒரு கல்யாண ரிசப்ஷன். இரண்டரை மணி நேரம், விரல் நுனி கன்றிப்போகும் வரை வாசித்தேன். அம்மா மூன்றாவது வரிசையில். முடிந்து வயரைச் சுற்றும்போது பார்த்தால், மிக்சரில் என் ஃபேடர், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் அந்தத் தள்ளுபட்டன், அடிமட்டத்தில் கிடக்கிறது. கேட்டதற்கு, "இரைச்சலா இருந்துச்சு தம்பி. யாருக்கும் தெரியலைல்ல, விடுங்க" என்றார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அம்மா கேட்டது: "அதுல நீ வாசிச்சது எது கண்ணு? எனக்குத் தனியா தெரியலையே."

சொந்தக் கதையைக் கொண்டுவந்து மெட்டாலிகா மேல் ஏற்றுகிறான் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். ஃபேடரைக் கீழே இறக்கிய ஒரு கை இரண்டு இடத்திலும் இருக்கிறது.

எனக்கு அந்த ஆல்பம் பிடிக்காது என்று மட்டும் நினைக்க வேண்டாம். 'ஒன்' பாட்டில் டிரம்ஸும் கிதாரும் துப்பாக்கி மாதிரி சேர்ந்து வெடிக்கும் இடத்தில் இன்றும் சிலிர்க்கிறது. பிடித்ததனால்தான் வலிக்கிறது. 2018-இல் மறுபதிப்பு வந்தபோதாவது கூட்டுவார்கள் என்று காத்திருந்தேன். கூட்டவில்லை.

அந்த ஆல்பத்தின் 'பிளாக்கண்ட்' பாட்டை எழுதியவர்கள் வரிசையில் ஜேசன் பெயரும் அச்சாகியிருக்கிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பாட்டில் அவரைத் தேடிப் பாருங்கள். அதுவரை அழகு என்ற வார்த்தையை என்னிடம் சொல்லாதீர்கள்.