தோமாவை யாரும் தள்ளிவைக்கவில்லை
முதலில் விசுவாசம் உறுதிப்பட வேண்டும், சபையோடு ஐக்கியம் அப்புறம் தானாக வரும் என்று இங்கே வந்த ஒரு கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. யோவான் சுவிசேஷம் 20-ஆம் அதிகாரத்தில் இயேசுவின் சீஷரான தோமாவைப் பாருங்கள். இயேசு உயிர்த்தெழுந்தார் என்று மற்ற சீஷர்கள் சொன்னபோது, அவருடைய காயங்களைத் தொட்டுப் பார்க்காமல் நம்பவே மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னவர். ஆனாலும் எட்டு நாள் கழித்து மற்ற சீஷர்களோடு வீட்டுக்குள்தான் இருக்கிறார்; யாரும் அவரைத் தள்ளிவைக்கவில்லை. இயேசுவை அவர் கண்டதும் அவர்கள் நடுவில்தான். என் அம்மா இறந்த பிறகு ஏழெட்டு மாதம் எனக்கு ஜெபிக்க வாயே வரவில்லை. ஆராதனையில் சும்மா உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் இயேசு கற்றுத்தந்த ‘எங்கள் பிதாவே’ ஜெபத்தைச் சொல்லும்போது, அந்த ‘எங்கள்’ என்ற சொல்லுக்குள் நானும் இருக்கிறேன் என்பது மட்டும்தான் ஒரே பிடிப்பு. (அந்த ஜெபம் முழுக்க ‘என்’, ‘எனக்கு’ என்று ஓரிடத்திலும் வராது, கவனித்திருக்கிறீர்களா?) சபையில் காயப்பட்டு விலகிவிட்டேன், இனி தனி ஜெபமே போதும் என்று அந்தக் கட்டுரைக்குப் பதிலாக எழுதிய நண்பருக்கு: உங்கள் வலி உண்மையானது, அதே இடத்துக்குத் திரும்பிப் போங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு மூன்று பேர் கூடினாலே அங்கே இருக்கிறேன் என்ற இயேசு பெரிய கூட்டத்தைக் கேட்கவில்லையே. உங்களோடு சேர்ந்து ஜெபிக்க ஒருவரையாவது தேடிக்கொள்ளுங்கள்.